ரேடியோ நெல் விளைந்த மண்ணில் பொதுத் தொலைக்காட்சி

ஆடுதுறை 27 என்கிற நெல்லுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் ‘ரேடியோ நெல்’ என்று ஒரு பேர் உண்டு. 1960களின் நடுவில் வந்த குறுவை ரகம். ஜப்பானின் நோரின் 10, நம்மூர் ஜி.இ.பி. 24 என்ற இரண்டு நெல் ரகங்களையும் ஒட்டுச் சேர்த்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 105 நாளில் அறுப்புக்கு வரும். திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையைத் தொடர்ந்து ஒலிபரப்பியதில், ரகத்தின் எண்ணை மறந்தவர்கள்கூட விதை கேட்கும்போது ரேடியோ நெல் என்றே கேட்டார்கள். ஒரு ஒலிபரப்பின் பேரை விவசாயி தன் விதைக்கே வைத்தான் என்றால் அந்த ஒலிபரப்பு வயல்வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பொதுத் தொலைக்காட்சியால் பார்க்கிறவருக்கும் ஊருக்கும் என்ன பயன் என்ற கேள்வியைக் காவிரி டெல்டாவிலிருந்து கேட்டால், அளவுகோல் இதுதான். விளம்பரக்காரருக்குத் தேவைப்படாத ஆள் இருக்கிறார் அல்லவா, வாய்க்கால் முடியும் கடைமடையில் இரண்டு மா நிலம் குத்தகைக்கு எடுத்தவர், வேதாரண்யத்தில் ஓலைக்கூரை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, காது கேளாத பிள்ளை. அவருக்கு வேண்டிய தகவல், அவருக்குப் புரியும் அளவையில், காலம் தப்பாமல் போய்ச் சேர்கிறதா? டி.ஆர்.பி. புள்ளி இதைச் சொல்லாது. பத்து லட்சம் பேர் பொழுதுபோக்காகப் பார்த்த ஒரு மணி நேரமும், ஆயிரம் பேர் பார்த்துப் பயிரைக் காப்பாற்றிக்கொண்ட பத்து நிமிடமும் அந்தக் கணக்கில் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டியிருக்கிறது.

சட்டம் இந்த ஆளின் பக்கம்தான் இருக்கிறது. பிரசார் பாரதி சட்டம் 1990இல் வந்தது, 1997 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு, குடிமக்கள் உண்மையான, பாரபட்சமற்ற தகவலைத் தடையின்றிப் பெறும் உரிமையைக் காக்கச் சொல்கிறது. கல்வி, வேளாண்மை, ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல், நலவாழ்வு, அறிவியல் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் கொடுக்கச் சொல்கிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஆக, வேளாண் நிகழ்ச்சி என்பது ஒளிபரப்புகிறவர் மனமிரங்கித் தரும் சலுகை இல்லை. நமக்கு வர வேண்டிய பாக்கி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 2000 பொங்கலுக்குப் பொதிகை ஆனது. 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. பேர் இரண்டு முறை மாறியும் மாறாத ஒன்று, முழுத் தமிழ்நாட்டுக்கும் ஒரே சேனல் என்பது. 38 மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் பேசும்போது, நீலகிரித் தேயிலைக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் திருத்துறைப்பூண்டிச் சம்பாவுக்கும் ஒரே அரை மணியில் இடம் பிரிக்க வேண்டும். வயலும் வாழ்வும் மாதிரி நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. இடம்தான் போதவில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆனது. ஒன்றரை மாதத் தாமதம் என்றால் ஆற்றுப் பாசனத்தை நம்பிய குறுவை அந்த வருஷம் இல்லை, போர்செட்காரருக்கு மட்டும்தான். நாற்று 25 நாள் வயதில் நடவுக்கு வர வேண்டும் என்றால், தண்ணீர் எப்போது தன் வாய்க்காலுக்கு வரும் என்பது நாற்றங்கால் விடும்போதே தெரிய வேண்டும். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கக் கடைமடைக்கு வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள். தூர்வாராத வாய்க்காலில் அதுவும் போதாது.

செய்தியில் என்ன வருகிறது? ‘அணை திறப்பு, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று மலர் தூவும் காட்சி வரும். கூடவே, மேட்டூரிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்பார்கள். கல்லணையில் எந்த ஆற்றில் எவ்வளவு பிரித்து விட்டார்கள், எந்தப் பகுதிக்கு முறை வைத்திருக்கிறார்கள், எந்த மதகு பழுதுபார்ப்பில் இருக்கிறது என்பதுதான் ஒரத்தநாட்டுக்காரருக்கும் மன்னார்குடிக்காரருக்கும் வேண்டியது. இது ரகசியம் இல்லை. நீர்வளத்துறையிடம் தினமும் இருக்கும் கணக்கு. தினம் மாலை ஒரே நேரத்தில், ஒரு நிமிடம், ஒரே ஒரு அட்டவணை போதும். மேட்டூர் நீர்மட்டம் 120 அடிக்கு எவ்வளவு, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.க்கு (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) எவ்வளவு, கல்லணையில் கொள்ளிடத்தையும் சேர்த்து நாலு பிரிவு, அவ்வளவுதான். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இதை வாரம் ஒரு தடவை சொல்லிவந்தாலே, அணையில் இருக்கும் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்க்கிறவர் தானே வகுத்துக்கொள்வார். விளம்பரம் கிடைக்காத ஒரு நிமிடம் இது. அதனால்தான் பொதுச் சேனல் தர வேண்டிய நிமிடமும் இதுதான்.

பூச்சி விஷயத்தில் தொலைக்காட்சிக்கு இருக்கும் பலம் வானொலிக்கும் இல்லை, பத்திரிகைக்கும் இல்லை. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியை வார்த்தையில் விளக்கினால் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். வயலில் வட்ட வட்டமாகக் காய்ந்து திட்டு விழுந்த பிறகுதான் அது வெளியே தெரியும், அப்போது காலம் கடந்துவிட்டது. பூச்சி இருப்பதோ தூருக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தூரைத் தட்டி, தண்ணீரில் விழும் பழுப்பு நிறப் பூச்சியை எண்ணிக் காட்ட வேண்டும். தூரில் ஒரு கிளைப்புக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்தடிக்கும் நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைப்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி எது, புகையான் எது என்று கேமரா கிட்டப் போய்க் காட்டினால் பத்து விநாடியில் புரியும். தண்ணீரை வடிப்பது, நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி (பட்டம்) விடுவது, மருந்தை மேலாகத் தெளிக்காமல் தூரில் படும்படி அடிப்பது, செயற்கைப் பைரித்ராய்டு மருந்து அடித்தால் புகையான் குறையாமல் பெருகுவது எல்லாமே கண்ணால் பார்க்க வேண்டிய பாடங்கள். ஸ்டுடியோ நாற்காலியில் ஒரு அதிகாரியும் ஒரு நிலையத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இருபது நிமிடத்தில் இது ஒன்றும் வராது. வயலில் இறங்கி எடுத்த நாலு நிமிடம் அதைவிட மேல். ஒளிபரப்பும் காலமும் முக்கியம். பயிர் நெருக்கமாகி தழைச்சத்து அதிகமான வயலில் புகையான் கட்டுவதற்கு முன்னால் வர வேண்டும். அறுப்பு முடிந்து தை மாதத்தில் மறு ஒளிபரப்பு செய்து பிரயோசனமில்லை.

இன்னொரு உதாரணம் தருகிறேன். வடகிழக்குப் பருவமழையில் சம்பா பயிர் மூழ்கி, தண்ணீர் வடிந்த பிறகு பயிர் மஞ்சள் பாய்ந்து நிற்கும். இதற்கு வேளாண்துறை சொல்லும் முறை இருக்கிறது. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். நாலு பொருள், நாலு எடை, ஓர் இரவு. இதைச் செய்தி வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனால் யாராலும் எழுதிக்கொள்ள முடியாது. எழுத்துத் திரையில் இருபது விநாடியாவது நிற்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு தடவை வர வேண்டும். முன்கூட்டியே ‘பேனா எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுத்து பெரியதாக, ஒரு திரைக்கு ஐந்து வரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஏனென்றால் டெல்டாவில் பல வீடுகளில் இன்னும் ஓடுவது, 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த சிறிய கலர் டிவியும் அதற்கொத்த அளவு பெட்டியும்தான். ஐம்பத்தைந்து அங்குலத் திரைக்குப் போட்ட எழுத்து அதில் எறும்பு மாதிரி ஓடும். தண்ணீர் வடியாமல் உரம் போடக்கூடாது என்பதையும் அதே திரையில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் போட்ட உரம் வடிகாலில் போய்விடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவுக் காலத்தில் ஆட்கள் விடியற்காலையில் வயலுக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். காலை பத்து மணிக்கு ஒளிபரப்பாகும் வேளாண் நிகழ்ச்சி யாருக்கு? விவசாய வீட்டில் பெட்டி முன்னால் ஆள் இருக்கும் நேரம் மாலை ஏழிலிருந்து ஒன்பதரை. அந்த நேரத்தைத்தான் எல்லாச் சேனலும் சீரியலுக்கு வைத்திருக்கிறது. பொதுச் சேனலாவது பத்து நிமிடத்தை அங்கே ஒதுக்க வேண்டும்.

கொள்முதல் காலத்திலும் இதே கதைதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்த வருஷம் தளர்வு வரும், சில நாள் கழித்து வரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நெல்லைச் சாலையில் கொட்டிக் காய வைத்துக்கொண்டு இருப்பார்கள், இல்லையென்றால் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பயிர்க் காப்பீட்டில் உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். மூன்றாம் நாள் மாலை தெரிந்தால் அது தகவல் இல்லை.

இனி புயல். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அந்த ராத்திரிக்கு முன்னால் தொலைக்காட்சியின் வேலை ஒன்று, பின்னால் வேறு. முன்னால்: வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை நாலு கட்டமாக வரும். 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரையேறிய பிறகு உள்நாட்டில் என்ன ஆகும் என்ற கணிப்பு. புயல் நிலவரம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படும். காலை 8.30, 11.30, மதியம் 2.30 என்று அந்தந்த நேரத்து நிலவரம் சிறிது தாமதித்து வரும். சேனல்கள் செய்யும் பெரிய தவறு, காலை 8.30 நிலவரத்தை ‘தற்போது’ என்று போட்டு மாலைவரை ஓட்டுவது. புயல் அதற்குள் நூறு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். திரையின் மூலையில் ‘காலை 8.30 நிலவரம்’ என்று போடுகிற சேனலை நம்பலாம். போடாததை நம்ப வேண்டாம்.

மழையும் அதே மாதிரி. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் என்றால் கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. இந்த மூன்று சொல்லுக்கும் எண் இருக்கிறது. ‘பேய் மழை’, ‘வெளுத்து வாங்கும்’ என்பதற்கு எண் கிடையாது. கேட்கிறவர் பயப்படுவார், வாய்க்காலில் மதகைத் திறக்க வேண்டுமா என்று அதை வைத்து முடிவெடுக்க முடியாது. துறைமுகக் கூண்டையும் விளக்க வேண்டும். ஒன்றாம் எண் கூண்டு தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. எட்டு, ஒன்பது, பத்து பெரும் ஆபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. நாகை, கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதைச் சொல்கிறார்கள், அதன் பொருளைச் சொல்வதில்லை.

கரையேறிய பிறகு என்ன ஆகும் என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டும். மின்சாரம் போகும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. கேபிள் போகும், கம்பத்தோடு சேர்ந்து. டிஷ் இருந்தால் காற்று திருப்பிவிடும். காற்று வருவதற்கு முன்பே மழை படத்தைக் கொன்றுவிடும். டிஷ்ஷில் நேராக வீட்டுக்கு வரும் டி.டி.எச். ஒளிபரப்பு வருவது கே.யு. பேண்ட் என்ற மிகச் சிறிய அலையில், அந்த அலைநீளம் பெருமழைத் துளியில் உறிஞ்சப்படும், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். சரியாக எச்சரிக்கை தேவைப்படும் அந்த நேரத்தில். பழைய ஏரியலில் வந்த தரைவழி ஒளிபரப்புக்கு மழை ஒரு பொருட்டில்லை. அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2021 அக்டோபருக்குள் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். செலவுக் கணக்கில் சரியான முடிவுதான், பார்க்கிறவர் குறைந்துபோனார்கள். ஆனால் புயல் கரையில் அதற்கு மாற்றாக ஒன்றைப் பொதுச் சேனல் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போதைக்கு மாற்று வானொலிதான். காரைக்கால் பண்பலை 100.3, திருச்சி மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ, தனிக் கவரில் இரண்டு செட் செல். செல்லை ரேடியோவுக்குள்ளேயே விட்டால் உப்புக்காற்றில் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். தொலைக்காட்சியையே ஓட்ட வேண்டும் என்றால் கணக்கு இது: செட்டாப் பெட்டி சுமார் 8 வாட், 24 அங்குல எல்.இ.டி. டிவி சுமார் 25 வாட். பைக்கில் இருக்கும் அளவு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால், ஒன்றேகால் மணி நேரம் வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் செய்தி பார்த்து அணைத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். தொடர்ந்து ஓட்டினால் இரவு உணவுக்கு முன்பே இருட்டு.

டிஷ் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், அதனால் சற்று விரிவாக. டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பேரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. பெட்டி, 60 செ.மீ. டிஷ், தட்டின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி., கேபிள் எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள் ஒரே தடவை செலவு. செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில். தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் திசை 126 டிகிரி, நாகையிலிருந்து 128க்குச் சற்றுக் குறைவு. அதாவது நேர் தென்கிழக்கிலிருந்து இன்னும் ஏழு முதல் ஒன்பது டிகிரி கிழக்கே. உயரக் கோணம் இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட 69, 70. கிட்டத்தட்ட உச்சி வானம். இதனால் டெல்டாவுக்கு ஒரு நன்மை: தென்னை மறைக்கும் என்ற கவலை குறைவு. 15 மீட்டர் உயரத் தென்னை ஆறேழு மீட்டர் தள்ளி நின்றாலே சிக்னல் அதற்கு மேலாக வந்துவிடும். கிட்ட நிற்கும் மரத்தின் மட்டை காற்றில் ஆடும்போது மட்டும் படம் விட்டுவிட்டு வரும்.

பொதுவாக விற்கும் டிஷ் ஆஃப்செட் வகை, தட்டு பார்க்கும் திசையைவிட உயரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடிப்பது. ஆகவே 69 டிகிரிக்குத் தட்டு முகம் பார்க்கப்போவது வானத்தின் உச்சியை இல்லை, ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்துதான் இருக்கும். கண்ணால் அனுமானிக்காமல் பிடியில் இருக்கும் அளவுக் கோட்டைப் பார்த்து வைக்க வேண்டும். கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும், தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். கம்பம் சாய்ந்தால் எல்லாக் கோணமும் பொய். பெட்டியில் எல்.என்.பி. அதிர்வெண் 9750–10600 என்று வைத்துவிட்டு, தட்டை இடவலமாக ஒரு விரல் ஒரு விரலாகத் திருப்ப வேண்டும். திரையில் இரண்டு பட்டை தெரியும். ‘ஸ்ட்ரெங்த்’ என்பது வானத்தைப் பார்த்தாலே ஏறும், அதை நம்ப வேண்டாம். ‘குவாலிட்டி’தான் வேண்டியது. கடைசியாக எல்.என்.பி.யைப் பிடியில் மெல்லத் திருப்பி குவாலிட்டி உச்சம் காணும் இடத்தில் இறுக்குங்கள். நம்மூரில் அது நேராக நிற்காது, நன்றாகச் சாய்ந்திருக்கும். வெயில் நாளில் படம் வரும் அளவோடு நிறுத்திவிட்டால் ஐப்பசி மழையில் முதலில் போவது உங்கள் வீடுதான். குவாலிட்டியில் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் மழைக்கான சேமிப்பு.

கெடுவது எங்கே என்றால், பத்தில் ஏழு தடவை கேபிள் முனையில். கடலோரத்தில் எஃப் கனெக்டர் என்ற கேபிள் முனைத் திருகு ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். தண்ணீர் கேபிளுக்குள் இறங்கினால் நடுக்கம்பி கறுத்துவிடும். ஆர்.ஜி.-6 கேபிள், முனைக்கு ரப்பர் மூடி, அதன்மேல் இன்சுலேஷன் டேப், எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பிடியைக் கைப்பிடிச் சுவரில் செங்கல் பூச்சில் அடிக்காமல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கோணத்தைப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுத் தட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். திரும்ப மாட்டக் கால் மணி நேரம் போதும்.

சேனல் காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தனியார் சேனல் இடங்களை ஏலம் விடுகிறார்கள். புது ஒதுக்கீடு ஏப்ரல் 1 முதல் வரும்போது வரிசை மாறும், ஆட்டோ ஸ்கேன் செய்ய வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2 பெட்டியில், புது முறையான எம்பெக்-4 சேனல்கள் வராது. அந்த ஏலத்தில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தி, போஜ்புரிச் சேனல்கள். தமிழுக்கு அங்கே கிடைப்பது சொற்பம். அதனால் டெல்டா வீடுகள் கேபிளிலேயே இருக்கின்றன, ஃப்ரீ டிஷ் இங்கே வடக்கு அளவுக்கு ஊன்றவில்லை. கேபிளில் டிடி சேனல்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று 1995 கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. வரவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ கேட்கும் அதிகாரம் பெற்றவர்கள். கிரிக்கெட் மேட்ச் மட்டும் ஏன் கேபிளில் இருக்கும் டிடியில் வரவில்லை என்பவர்களுக்கு: தனியார் சேனல் டிடியோடு பகிர்ந்த சிக்னலைத் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி அன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை, இடையில் ஒரு விளம்பரம் நுழையாமல், முழுசாக நேரலையில் தருவது பொது ஒளிபரப்புதான். கீர்த்தனை நடுவில் வெட்டிச் சோப்பு காட்டாத ஒரு மணி நேரத்தின் மதிப்பு பாட்டுத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதே 93.5 டிகிரி டிஷ்ஷில் ஸ்வயம் பிரபா பாடச் சேனல்களும் வருகின்றன என்பது பல கல்லூரிப் பிள்ளைகளுக்கே தெரியாது. மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கி, கொரோனாவில் பள்ளி மூடியபோது, செல்போன் இல்லாத வீட்டுக்குப் பாடத்தைக் கொண்டு போனது.

செய்தியில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. சம்பளம் தரும் கையும் செய்தியாகும் கையும் ஒன்றே என்னும்போது, 12ஆம் பிரிவின் ‘பாரபட்சமற்ற’ என்ற சொல்லுக்குத் தினம் சோதனைதான். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் நடந்தது போன்ற ஒரு போராட்டம் வரும்போது, திட்டத்தைக் கொண்டுவருபவர் பேசிய நேரத்தையும் நிலம் போகிறவர் பேசிய நேரத்தையும் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். கருத்துச் சொல்லத் தேவையில்லை, விநாடிகள் பேசும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஏழு நாள், மாலை ஆறிலிருந்து பத்து, நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தால் சுமை இல்லை. தேதி, நேரம், நிகழ்ச்சி, புதியதா மறு ஒளிபரப்பா, டெல்டா சம்பந்தமாக எத்தனை நிமிடம், அதில் எண்ணோ தேதியோ இடமோ இருந்ததா, சைகை மொழியோ எழுத்தோ இருந்ததா. அந்த ஏழு பக்கம் கையில் இருந்தால் ‘நிகழ்ச்சி சரியில்லை’ என்ற புகார் ஒரு கோரிக்கையாக மாறும். சென்னை, சுவாமி சிவானந்தா சாலை, தூர்தர்ஷன் நிலைய இயக்குநருக்கு எழுதலாம். மத்திய அரசின் பொதுக்குறை தீர்க்கும் இணையதளத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் பிரசார் பாரதியைத் தேர்ந்தெடுத்தும் பதியலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது ‘ஏன் டெல்டாவைக் கவனிப்பதில்லை’ என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, ஆவணம் தரத்தான் கடமைப்பட்டவர்கள். இப்படிக் கேளுங்கள்: கடந்த நிதியாண்டில் வேளாண் நிகழ்ச்சிகளின் மொத்த நிமிடம், அதில் முதல் ஒளிபரப்பு எவ்வளவு, மறு ஒளிபரப்பு எவ்வளவு, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் படப்பிடிப்பு நடந்த நாட்களின் பட்டியல், புயல் எச்சரிக்கைக் காலத்தில் ஒளிபரப்பிய சிறப்புச் செய்தியறிக்கைகளின் நேரப்பதிவு நகல். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏப்ரல் முதல் வாரம் அனுப்பினால் நிதியாண்டுக் கணக்கு முடிந்திருக்கும், பதில் மே மாதம் வந்துவிடும். தண்ணீர் அட்டவணை கேட்டு அடுத்த கடிதம் எழுத ஜூன் 12க்கு முன்னால் ஒரு மாதம் இருக்கும்.